கதவைத் தாங்கிய ரோபோ

அத்தியாயம் 14

"திங்கக்கெயம காலைல குட்டியானை வரும். சாமான ஏத்திகினு நானும் கொயந்தயும் பூடுவோம். நீ கூட வரியா இல்லியான்றத நீயே முடிவு பண்ணிக்கோ."

வியாழக்கிழமை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த வல்லரசுவிடம் மனைவி சங்கமித்ரா சொன்னது இவ்வளவுதான். அவள் வேலை செய்யும் கம்பெனிக்குப் பக்கத்தில், சுங்குவார்சத்திரத்தில் வீடு பார்த்தாகிவிட்டது, மகள் மகிழினிக்கு அங்கேயே பள்ளியில் இடமும் வாங்கியாகிவிட்டது என்ற செய்தி அவனுக்குப் பக்கத்து வீட்டு முத்தம்மா வாயால்தான் வந்து சேர்ந்தது. அந்தக் கோபத்தில் அவன் பதில் சொல்லாமல் மாடிப்படி இறங்கிப் போனதைப் போன வாரம் பார்த்தோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டுக்கே வரவில்லை.

வராமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் அவன் மாட்டிக்கொண்டிருந்தான்.

துறைமுகத்துக்குள் வேலை தாமதப்பட்டால் வெளியே சாலையில் ஓட்டுநர்கள் குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ஒரு பக்கம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் மீன் காயும் தெருக்கள். நடுவே, ஒன்றின் முதுகில் ஒன்று முட்டுகிற மாதிரி லாரிகள். வண்டிக்கு அடியில் ஸ்டவ் எரியும். பக்கக் கண்ணாடியில் லுங்கி காயும். முன் வண்டி நகர்ந்தால் நகர வேண்டும். தூங்கிவிட்டவனைப் பின்னால் இருப்பவர்கள் கதவைத் தட்டி எழுப்பும் முறை, எழுத்தில் சொல்லத் தக்கதல்ல. வரிசையிலிருந்து ஒரு முறை ஓரம் கட்டிவிட்டால் மறுபடியும் வாலுக்குப் போய் நிற்க வேண்டும்.

வல்லரசுவின் வண்டி காசிமேட்டை நெருங்கிவிட்டது. துறைமுக வாசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அதற்கும் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் கிரேன்கள் தெரிந்தன. வெயில் தகரத்தைச் சுட்டது. செய்ய ஒன்றுமில்லாத மதியத்தில், பையிலிருந்து அந்த டிவிடி தட்டை எடுத்தான்.

வியாழக்கிழமை மாடிப்படியில் பின்னாலேயே ஓடி வந்து மகிழினி கையில் திணித்தது அது. "நைனா, இத்த பாரு. பாத்துட்டு எனுக்கு சொல்லு."

பர்மா பஜாரில் வாங்கிய, மடித்து விரிக்கிற சின்ன டிவிடி பிளேயர் ஒன்று அவனிடம் இருந்தது. லாரியில் இரண்டு பாட்டரி. அதில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து பிளேயருக்குக் கொடுத்தான். அதே வயரில்தான் செல்போனுக்கும் சார்ஜ் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். போன் அணைந்துபோயிருந்தது. இருக்கட்டும், படம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பொம்மைப் படம். ரோபோ படம். தமிழில் பேசவைத்திருந்தார்கள்.

கடல் ஏறி வரும் ஓர் ஊர். மனிதர்கள் எல்லோரும் கப்பலேறிப் போகிறார்கள். ஊரின் வாசலில் மலை மாதிரி ஓர் இரும்புக் கதவு. அது இறங்கிவிடாமல் ஒரு பெரிய ரோபோ தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறது. "நாங்கள் சொல்லும் வரை விடாதே" என்று அதிகாரி ஒருவர் உத்தரவு போடுகிறார். கடைசிக் கப்பலும் போய்விடுகிறது. சொல்ல மறந்துவிடுகிறார்கள். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, தோளில் செடி முளைக்கிறது. ரோபோ நின்றுகொண்டே இருக்கிறது.

அந்த ஊரில் இன்னொரு ரோபோவும் மிச்சம். தெருவிளக்குக்கு பல்பு மாட்டுகிற சின்ன ரோபோ. பெரியது நல்ல தமிழ் பேசும். சின்னது மட்டும் வட சென்னைத் தமிழ் பேசும். யாரோ டப்பிங்காரர் சிரிப்புக்காகச் செய்த வேலை. சிரிக்கிறவர்கள் வேறு எங்கோ இருந்திருக்க வேண்டும். வியாசர்பாடி குடியிருப்பில் மகிழினியோடு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. நம்ம ஆள் பேசுகிறான் என்று திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"யப்பா, கைய எட்றா," என்கிறது சின்ன ரோபோ. "எல்லாம் பூட்டாங்கடா."

"உத்தரவு வரவில்லை," என்கிறது பெரியது.

தினமும் சின்னது வருகிறது. தினமும் அதையே சொல்கிறது. தினமும் அதே பதில். ஒருநாள் சின்னதுக்கு ஒரு யோசனை. அதிகாரியின் குரலில் உத்தரவு கொடுத்தால் விட்டுவிடும் அல்லவா? யாருமில்லாத தெருவில், அணைந்த விளக்குகளுக்கு முன்னால் நின்று அது அதிகாரியின் தமிழைப் பழகுகிறது. "நீ போலாம்... நீ போவலாம்... நீ போகலாம்." நாக்கு இல்லாத அதற்கு நாக்கு புரளவில்லை.

அந்தப் பொம்மைகளுக்கு முகம் கிடையாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விளக்கு, அவ்வளவுதான். விளக்கு சாய்ந்தால் வருத்தம், நிமிர்ந்தால் சந்தோஷம். அழ வழியில்லாத ஒன்று அழாமல் நின்றால், பார்க்கிறவன்தான் அதற்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கிறது.

வல்லரசு அழுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா செத்தபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அந்த நேரத்தில்தான் படம் நின்றது. திரை கறுத்துப்போனது.

*

"அம்மா, தோ புத்தர்!" என்றாள் மகிழினி.

எல்லா லாரிகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை புத்தர் பொம்மை வைத்திருக்கிற லாரி ஒன்றுதான். சங்கமித்ரா சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதிலிருந்து வண்டி வண்டியாகத் தேடி வந்திருந்தாள். போன் போட்டுப் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டது.

பின்னால் நின்ற லாரியிலிருந்து பக்தவச்சலம் இறங்கி வந்தார். இருபது வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறவர். வரிசையில் யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"வா மா. நல்ல நேரத்துல வந்தே. உள்ள ஒரே பேஜாரு."

"இன்னா அண்ணாத்த ஆச்சு?"

"நீயே போய் பாரு."

கதவைத் திறந்தாள். வல்லரசுவின் கண் சிவந்து வீங்கிக் கிடந்தது. மூக்கு ஒழுகியது.

"பகல்லியேவா?" என்றாள்.

"இன்னாது?"

"ஊது."

"ஏய், கொயந்த முன்னால..."

"ஊதுய்யா!"

ஊதினான். வெங்காய வாசனைதான் வந்தது.

பக்தவச்சலம் கீழே நின்றபடி சிரித்தார். "ஒரு சொட்டு ஊத்திக்கில மா. பொம்ம படம் பாத்துகினு அயுதுகினு கீறான். இவன் கத்துன கத்துல யாரோ பூட்டாங்கன்னு நான் சோத்துக் கையோட ஓடியாறேன். பாத்தா, ரோபோவாம்!"

"அண்ணாத்த, கம்முனு போறியா," என்றான் வல்லரசு.

மகிழினி டயர் மேல் கால் வைத்து ஏறி அப்பாவின் மடியில் விழுந்தாள். ஏறிய வேகத்தில் மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். டாக்டர் சொன்னது அந்த விசிலைப் பற்றித்தான். இந்தப் புகையிலேயே வளர்ந்தால் நிற்காது, இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றிருந்தார்.

"எது வரைக்கும் நைனா பாத்த?"

"அந்த சின்னது ஆப்பீசர் மாதிரி பேசிப் பேசி பாக்குதே, அது வரைக்கும். அப்பால நின்னு பூச்சி. அப்பாலிக்கா இன்னா ஆவுது?"

"சொல்ல மாட்டேன்."

"ஏய், சொல்லு மகி."

"பெருசு வுட்டுச்சா வுடலியான்னு நாளைக்கு எங்ககூட வந்தீன்னா சொல்றேன்."

பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நீயும் பாத்த இல்ல?" என்று வல்லரசு மனைவியைக் கேட்டான். "அந்த எடம். அது நின்னு பேசிப் பயகுற எடம்."

சங்கமித்ரா தூக்குவாளியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "உம்," என்றாள்.

அவள் பார்க்கவில்லை. பிள்ளைகள் கூடி அந்தப் படம் பார்த்த மாலைகளில் அவள் கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனி. விடியுமுன் ஏறினால் விளக்கு வைத்த பிறகு இறங்குவாள். அவள் வரும்போது மகிழினி தூங்கியிருப்பாள். அந்த 'உம்' அவன் கேட்கிற எதற்கும் அவள் தருகிற 'உம்'. அவன் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டான்.

கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவன் முடிக்கிற வரை பொறுத்திருந்து அவள் கேட்டாள்.

"இன்னா முடிவு பண்ண?"

"எத்த?"

"பிலிம் காட்டாத. எத்தன்னு உனுக்குத் தெரியும்."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் எதிரே சத்தம். தூரத்தில் ஒரு லாரி உறுமியது, பிறகு அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று. பிரேக் காற்று விடுகிற சத்தம் வரிசை நெடுகிலும் ஓடி வந்தது.

வரிசை நகர்ந்துவிட்டது.

*

வல்லரசு சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது.

மறுபடி திருப்பினான். அந்த 'டிக்' கூட வரவில்லை.

முன் லாரி போய்விட்டது. அவனுக்கு முன்னால் வெற்றுச் சாலை. பின்னால் ஒருவர் ஹாரனில் கை வைத்தார். அடுத்தவர் வைத்தார். பிறகு கடற்கரை முழுக்க ஹாரன்தான்.

பக்தவச்சலம் பாட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "டேய் மாமு! ஒத்த பாட்டரிலயா ஒயர சொருவினே?"

"சின்ன பொட்டி தானே அண்ணாத்தன்னு..."

"நேத்து வந்த கிளீனர் பையன் செய்யற வேலடா இது! ஒண்ணு செத்துட்டா இன்னொண்ணு தனியா இஸ்துகினு போவுமா? ரெண்டும் சேந்தாதான் செல்ஃப் அடிக்கும். உன் பாட்டரியே கெய பாட்டரி. அதுல படம் வேற!"

வயரைப் பிடுங்கிக் கருங்கல் பக்கம் வீசினார். செல்போன் சார்ஜரும் அதோடு போயிற்று.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் பம்பரைத் தட்டிக்கொண்டு வந்தார். "எடுய்யா. எடுக்கலன்னா ரெக்கவரி வண்டி வச்சு ஓரம் கட்டிடுவேன். அப்புறம் போய் கடைசில நில்லு."

கடைசி என்றால் எண்ணூர். அங்கே போய் நின்றால் இன்னும் எத்தனை நாளோ. திங்கள் காலை என்பது இல்லவே இல்லை. சங்கமித்ராவுக்கு அது அவனுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"இன்னா செய்யணும், சொல்லுங்க," என்றாள்.

"என் பாட்டரி ஒண்ண கயட்டி இதுல போட்டு ஸ்டார்ட் பண்ணணும்," என்றார் பக்தவச்சலம். "என் எஞ்சின் ஓடிகினு கீது. பாட்டரி இல்லாமயே கொஞ்ச நேரம் ஓடும். அது நின்னுச்சுன்னா நானும் காலி. நாங்க ரெண்டு பேரும் கீய நிக்கணும். மேல ஒரு ஆளு சாவி போடணும்."

"நான் போடறேன்."

"உனுக்குத் தெரியுமா மா?"

"சொல்லு, தெரிஞ்சிக்கிறேன்."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வல்லரசு கீழிருந்து கத்தினான். நியூட்ரல் பார்க்கச் சொன்னான், கிளட்ச் எது என்று கை காட்டினான். இரண்டு ஆண்களும் குழந்தையைத் தூக்குவது போல பாட்டரியை அணைத்துத் தூக்கி வந்தார்கள். ஆசிட் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வயரை மாட்டினார்கள்.

"போடு!"

போட்டாள். வண்டி ஒரு முறை இருமி, அதிர்ந்து, உயிர் பிடித்தது. அவள் கைக்குக் கீழே அத்தனை இரும்பும் நடுங்கியது. அவள் சிரித்துவிட்டாள். வல்லரசு அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

"மாமு, உள்ள போய் பொட்டிய எறக்கற வரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணிடாத!" என்று சொல்லியபடி பக்தவச்சலம் தன் பாட்டரியோடு ஓடினார்.

"எட்றா, எட்றா!" போலீஸ்காரர் லத்தியை வீசினார்.

வல்லரசு தாவி ஏறினான். சங்கமித்ரா பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். இடைவெளியை மூட வேகமாக ஓட்டினான். முன் லாரியின் பின்பக்கம் நெருங்கி வந்து, மறுபடி எல்லாம் ஊர்வலம் ஆனபோதுதான் இரண்டு பேரும் வெளியே பார்த்தார்கள்.

இடது பக்கம் துறைமுக மதில். வலது பக்கம் ஆள் உயரத்துக்கு கான்கிரீட் தடுப்பு. நடுவில் ஒரே ஒரு லாரி போகும் அகலம். கதவைத் திறந்தால் மதிலில் இடிக்கும். பின்னால் பக்தவச்சலத்தின் லாரி. முன்னால் யாருடையதோ.

"எங்க எறங்கறது?" என்றாள் சங்கமித்ரா.

"வாசல்லதான்."

"அது எப்ப வரும்?"

"தெரியாது."

*

வெளியே போக வழி இல்லாததால் பேச வேண்டியதாயிற்று.

லாரி ஓர் ஆள் நீளம் போகும், நிற்கும். டீசல் புகை உள்ளே வந்தது. மகிழினிக்கு இழுப்பு அதிகமானது. சங்கமித்ரா இன்ஹேலரை வைத்து அழுத்தி, முதுகைத் தடவி, இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கிப்போனது.

"நீ லாரி ஓட்றேன்னுதான் பேரு," என்றாள், எதிரே பார்த்தபடி. "நான் குந்திகினு போற பஸ்ஸு ஒரு நாள்ல போற தூரம் உன் வண்டி ஒரு வாரத்துல போவல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"அண்ணாச்சிக்கு சொல்லாம எப்டி வண்டிய வுட்றது?" என்றான்.

அண்ணாச்சி என்பது தேவப்பிரியம், லாரியின் முதலாளி. 'நாஞ் சொல்லுத வரைக்கும் வண்டிய விட்றாத டே. ஒருநா ஒம் பேருக்கே எழுதித் தாரேன்' என்று மகிழினி கைக்குழந்தையாக இருந்தபோது சொன்னவர்.

"அவரு எங்க கீறாரு?"

"தூத்துக்குடில."

"இங்க இருந்த மத்த வண்டிங்க?"

"வித்துட்டாரு."

"உன்னாண்ட கடசியா எப்ப பேசினாரு?"

வல்லரசு கியரை மாற்றினான். மாற்றத் தேவையே இருக்கவில்லை.

"மேனேஜர் பேசுவாரு," என்றான்.

"யோவ், அவரு உன்ன மறந்தே பூட்டாருய்யா. நீ ஒருத்தன்தான் அவரு சொன்னத புடிச்சிகினு நிக்கிற."

அவன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். படத்தை அவளும் பார்த்திருக்கிறாள், அதனால்தான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில லைன்ல நிக்க சொல்ல குந்தக் கூடாது," என்றாள் அவள், பேச்சு எங்கேயோ போய்விட்ட குரலில். "ஷிப்ட்டு முடியற வரைக்கும் நின்னுகினேதான். கால் மரத்துப் பூடும். அதுகூட பரவால்ல. நைட்டு வூட்டுக்கு வந்தா இவ நெஞ்சுல விசிலு. நீ வந்து கீறியா இல்லியான்னு தெரியாது. கதவத் தாப்பா போடாம வச்சிகினு படுத்துனு இருப்பேன். போன வருசமே போயிருக்கலாம். நீ வருவேன்னுதான் நின்னேன்."

முன் லாரி நகர, வல்லரசுவும் வண்டியை நகர்த்தி நிறுத்தினான்.

மதியம் அழுதபோது, தோளில் கதவோடு நிற்கிற அந்தப் பெரிய ரோபோ தான்தான் என்று அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது பக்கத்து இருக்கையில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அவன் உள்ளே நுழைவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். உத்தரவு கொடுக்க மறந்தவன் அவன்.

அங்கேயே, புகைக்கு நடுவில், அவன் முடிவு செய்துவிட்டான். உள்ளே போய்க் கண்டெய்னர் பெட்டியை இறக்க வேண்டும். வண்டியை ராயபுரம் ஷெட்டில் விட்டு, சாவியை மேனேஜர் கையில் கொடுத்துவிட வேண்டும். விடியும் முன் வீட்டுக்குப் போய் குட்டியானையில் ஏற வேண்டும். எவ்வளவு சுலபம். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பத்து வருடமாக அவளிடம் நல்ல வார்த்தை ஒன்றை நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவன். வாயில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

லாரி ஓர் ஆள் நீளம் போய் நின்றது.

*

வாசலுக்கு வந்தபோது கிரேன் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"லேடீஸ் உள்ள வரக் கூடாது. யார் இது? இறங்கு, இறங்கு," என்றார் காவலர்.

"எறங்குறாங்க சார். தூங்குற கொயந்த சார்."

"பின்னாடி எவ்ளோ வண்டி நிக்குது பாரு. சீக்கிரம்!"

சங்கமித்ரா முதலில் இறங்கினாள். வல்லரசு மகிழினியை எடுத்து அவள் தோளில் சாய்த்தான். பிள்ளை விழிக்கவில்லை. கூடையைக் கொடுத்தான். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, அவனால் அணைக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. பக்தவச்சலம் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "நான் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல."

இப்போதுதான், என்று நினைத்தான் வல்லரசு. அவனுக்குள் ஒரு குறும்பும், அழுகையும், இளகலும் ஒன்றாக வந்தன. சின்ன ரோபோ அணைந்த விளக்குகளுக்கு முன்னால் பழகிய அந்த வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. அவளும் பார்த்த படம்தானே, அவளுக்குப் புரியும். இனிமேல் எனக்காக நிற்காதே, பின்னாலேயே வருகிறேன் என்று நேராகச் சொல்வதைவிட இது எவ்வளவு நன்றாக இருக்கும்!

நிமிர்ந்து உட்கார்ந்தான். அதிகாரி மாதிரி குரலைக் கட்டிக்கொண்டான். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னான்.

"சங்கமித்ரா. நீ போகலாம்."

அவள் முகத்தைப் பார்க்க நேரமில்லை. காவலர் கதவைத் தட்டினார், வண்டி உள்ளே போயிற்று.

உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், வல்லரசு சிரித்துக்கொண்டே ஓட்டினான். ஒரே ஒரு முறையாவது சரியான வார்த்தையைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டோம் என்று இருந்தது. மேலிருந்து கிரேன் இறங்கிப் பெட்டியைக் கவ்வித் தூக்கியது. முதுகுச் சுமை போனதும் லாரி ஒரு முறை எழும்பி ஆடியது. அவனும் ஆடினான்.

வெளியே சங்கமித்ரா, மதிலோரம், லாரிகள் எழுப்பிய தூசிக்குள் நின்றிருந்தாள்.

நீ போகலாம்.

போடி என்று கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். சண்டை போட்டு, அழுது, விடிவதற்குள் சரியாகியிருக்கும். இது கோபமே இல்லாத குரல். கம்பெனியில் ஆட்களை வேலையை விட்டு எடுக்கும்போது மேலாளர் பேசுவாரே, அந்தத் தமிழ். வீட்டில் ஒரு நாளும் இல்லாமல் இன்று எங்கிருந்து வந்தது? அவள் இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, யோசித்து, தேடி எடுத்துச் சொன்ன வார்த்தை.

தோளில் மகிழினி அசைந்தாள். கண்ணைக் கசக்கினாள்.

"நைனா எங்க?"

"உள்ள பூட்ச்சு."

"நாளைக்கு வரேன்னு சொல்லிச்சா?"

"இல்ல. நம்மள போவச் சொல்லிச்சு."

பிள்ளை தலையைத் தூக்கினாள். தூக்கம் சட்டென்று போய்விட்டது. "எப்டி சொல்லிச்சு? எந்த மாதிரி சொல்லிச்சு மா? சொல்லிக் காட்டேன்."

"கம்முனு வா மகி."

"மா, ஆப்பீசர் மாதிரியா..."

"வாய மூடிகினு வான்னா!"

மகிழினி வாயை மூடிக்கொண்டாள். சங்கமித்ரா கூடையைக் கீழே வைத்துவிட்டு, சேலை மடிப்பிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி இரண்டு முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, வியாசர்பாடில சாமான் ஏத்தணும்னு சொல்லி வச்சனே, அவதான் பேசறேன். நாளைக்குக் காலைல வேணாம்ணே. எல்லாம் கட்டி ரெடியாதான் கீது. இப்பவே வண்டிய எட்துகினு வந்துடு."